ஷூவுக்கு வைத்த மஞ்சள்

போன வாரம் ஒரு வாசகியிடம் மூஞ்சியைக் காட்டிவிட்டேன்.

கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் வலங்கைமான் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். கையில் காய்கறிப் பை, முழங்காலில் வலி, பஸ் வருகிற வழியாக இல்லை. பக்கத்தில் ஓர் அம்மா வந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சிரித்தார்.

"நீங்கதானே வாராவாரம் எழுதுறவங்க? போட்டோவுல கொஞ்சம் ஒல்லியா இருப்பீங்க."

இருப்பேன். அந்த போட்டோ எடுத்தபோது என் மகன் அரை டிராயர் போட்டுக்கொண்டிருந்தான்.

"எம் பொண்ணு பேட்மிண்டன் ஆடுறா. லீவுல மெட்ராஸ் போறோம். துணிமணி, ஸ்போர்ட்ஸ் டிரெஸ்ஸு, ஷூ எல்லாம் ஒரே எடமா எடுத்துட்டு வந்துடலாம்னு... எந்தக் கடை நல்லாருக்கும்? நீங்க அங்க இருந்தவங்கதானே, எழுதியிருந்தீங்களே."

நியாயமான கேள்வி. ஆசையாகக் கேட்ட கேள்வி. நான் என்ன சொன்னேன்? "எனக்குத் தெரியாதுங்க" என்றேன். வார்த்தையில் தப்பில்லை, சொன்ன விதம்தான் சரியில்லை. அந்த அம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நல்லவேளையாக பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.

அவர் இதைப் படிப்பார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். தெரியாமல் இல்லை, அம்மா. தெரிந்துகொண்டு வந்த விதம் அப்படி. அந்தக் கசப்பு உங்கள் மேல் தெறித்துவிட்டது.

என் தம்பி வலங்கைமான் பக்கத்தில் குத்தகைக்கு நிலம் எடுத்து நெல் போடுகிறான். அவன் மகள் அபி, பிளஸ் டூ முடித்தவள். நானூறு மீட்டர் ஓடுவாள். ஓடுவாள் என்றால்... ஆற்றங்கரையில் ஓடுவாள், சம்பா அறுத்த வயலில் ஓடுவாள், கடைக்குப் போய் சர்க்கரை வாங்கி வா என்றால்கூட ஓடித்தான் போவாள். பள்ளிக்கூடத்தில் அவள் வாங்கிய கோப்பைகளில் ஒன்றில் அவள் அம்மா கடுகு போட்டு வைத்திருக்கிறாள். அவ்வளவு கோப்பை.

இந்தக் கோடையில் சென்னையில் ஒரு விளையாட்டு விடுதிக்குப் பெண்களைத் தேர்வு செய்தார்கள். ஓடிக் காட்டவேண்டும். எடுத்துக்கொண்டால் தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி, கல்லூரிப் படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. வயது வரம்பு உண்டு. அபிக்கு இந்த வருஷம் விட்டால் கிடையாது.

விட்டால் என்ன ஆகும்? தம்பி முன்கூட்டியே சொல்லிவிட்டான். "எடுத்துக்கிட்டா சந்தோசம். இல்லைன்னா ஓடுனது போதும். பக்கத்துல ஒரு காலேஜ்ல சேரு, நல்ல எடம் வந்தா பார்ப்போம்." 'நல்ல இடம்' என்றால் என்ன என்று டெல்டாவில் எந்தப் பெண்ணுக்கும் விளக்கவேண்டியதில்லை.

அவளுடைய பி.டி. மாஸ்டர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். தேர்வு நடக்கிற ரப்பர் தரையில் கேன்வாஸ் ஷூ உதவாது, அடியில் ஆணி வைத்த ஷூ வேண்டும். அபியிடம் இருந்த கேன்வாஸ் ஷூவோ அடி பிளந்து வாயைத் திறந்துகொண்டிருந்தது.

கும்பகோணத்தில் கடை இல்லையா என்பீர்கள். இருக்கிறதே. கேரம் காய், கிரிக்கெட் மட்டை, சுவர் முழுக்க ஷீல்டு. ஜெயித்தவருக்குக் கொடுக்கிற கோப்பை எந்த உயரத்தில் கேட்டாலும் கிடைக்கும். ஜெயிப்பதற்குப் போட்டுக்கொள்கிற ஷூதான் கிடைக்காது. மன்னார்குடியிலும் விசாரித்தோம். அங்கும் ஷீல்டுதான், பெயர் பொறித்துத் தருகிறார்கள்.

ஆன்லைன்? அதையும் பார்த்தோம். வந்தது, பெருவிரலோடு நின்றது, திரும்பிப் போனது. அபியின் கால் வயல் கால். பிறந்ததிலிருந்து சேற்றிலும் வரப்பிலும் வெறுங்காலாக நடந்த கால். முன்பக்கம் நன்றாக விரிந்திருக்கும். உலகத்தில் பெண்களுக்கு ஷூ தைக்கிறவர்கள் இப்படி ஒரு காலைப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

ஆக, சென்னை. திங்கட்கிழமை தேர்வு, சனிக்கிழமையே போய்விட்டோம். தம்பிக்கு வயலில் வேலை. அபி, அவள் அம்மா சுமதி, நான் - மூன்று பேர். என் மகன் ஆபீஸ் வேலையாக வெளியூர் போயிருந்தான். அவனுடைய ஃப்ளாட் சாவி என்னிடம் இருந்தது.

கடை என்றால் கடை. மாடிக்கு மேல் மாடி. நகரும் படிக்கட்டில் கால் வைக்கத் தயங்கி சுமதி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போனதும் மணி என்ன, வெளியே வெயிலா மழையா ஒன்றும் தெரியாது. எங்கு திரும்பினாலும் விளக்கு. குளிர் வேறு. சித்திரை மாதத்தில் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றோம்.

முதலில் ஓடுவதற்கான பனியனும் ஷார்ட்ஸும். விற்கிற பெண் டிரையல் ரூமைக் காட்டினாள். சுமதி தலையை ஆட்டிவிட்டாள்.

"மஞ்ச வைக்காம புதுத்துணிய ஒடம்புல போடக் கூடாது அண்ணி. நல்ல காரியமா வேற போறோம்."

நான் அவள் புருஷனுக்கு அக்கா; அதனால் அண்ணி. அண்ணி சொன்னால் கேட்பாள், ஆனால் இதில் கேட்கமாட்டாள். நம் பக்கத்தில் யார்தான் கேட்பார்கள்? புதுத்துணி என்றால் ஓரத்தில் ஒரு பொட்டு மஞ்சள் வைத்து, சாமி முன்னால் ஒரு நிமிஷம் வைத்து எடுத்துத்தானே போட்டுக்கொள்கிறோம். பனியனை அபியின் முதுகில் வைத்து அளந்து, "பத்தும்" என்று தீர்ப்புச் சொன்னாள் சுமதி. உண்மையில் பத்தத்தான் செய்தது.

அப்புறம் ஷூ மாடி. கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய ஒருவர் வந்தார்.

"லேடீஸ் ஷூவா மேடம்? வாக்கிங்கா, ஜிம்மா, யோகாவா?"

யோகாவுக்கு எதற்கு ஷூ என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"ஓடுறதுக்கு" என்றாள் அபி.

"ஜாகிங்."

"இல்லண்ணே. போட்டிக்கு. ஆணி வச்சது."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பெண்களுக்கான வரிசை நெடுகக் கண்ணை ஓட்டினேன். ரோஜா நிறம், கத்தரிப்பூ நிறம், பாலாடை நிறம். எல்லாம் சாயங்காலம் பூங்காவைச் சுற்றி வருகிறவர்களுக்கு. ஜெயிக்கவேண்டும் என்று ஓடுகிற ஒரு பெண்ணை அந்த மாடியில் யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. கடைசியில் பின்னால் எங்கோ போய் ஒரே ஒரு பெட்டியைத் தேடி எடுத்து வந்தார். வெள்ளை வெளேரென்று ஒரு ஜோடி.

அபி போட்டுப் பார்த்தாள். "சுண்டு விரல் இடிக்குது அத்தை."

"இதுக்கு அடுத்த சைஸ் இங்க ஸ்டாக் இல்ல மேடம்" என்றார் அவர். "இன்னொரு பிராஞ்ச்ல இருக்கு, நாளைக்குக் காலையில வந்துடும். இப்ப இதை எடுத்துட்டுப் போங்க. புதுசுல அப்படித்தான் இருக்கும். வீட்ல போட்டுப் பாருங்க, பத்தலைன்னா வந்து மாத்திக்கங்க. பில் மட்டும் பத்திரம்."

விலையை எழுதப்போவதில்லை. பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துவிட்டு சுமதி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள், அவ்வளவு போதும். ஆனால் பில்லை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

சாயங்காலம் விளக்கேற்றி, ஊரிலிருந்து கொண்டு வந்த மஞ்சளைக் குழைத்தாள். பனியனுக்கு வைத்தாள். ஷார்ட்ஸுக்கு வைத்தாள். ஷூ பெட்டியைத் திறந்ததும் கை நின்றது.

"இதுக்கு வைக்கலாமா அண்ணி? காலுல போடுறது..."

நான் பதில் சொல்வதற்குள் அவளே சொல்லிக்கொண்டாள். "ஆயுத பூசைக்குக் களைக்கொட்டுக்கு வைக்கிறோம். டிராக்டருக்கு வைக்கிறோம். டிராக்டரு என்ன, சேத்துலதான கெடக்கு? எம் புள்ளைக்கு இதுதான ஆயுதம்."

 வைத்தால் போட்டு நடப்பதற்கு முன்னால் வைக்கவேண்டும்; கடையில் காலை நுழைத்துப் பார்த்தது கணக்கில் வராது. நடந்த பிறகு வைத்தால் அது பழசுக்கு வைத்த மாதிரி. ஒவ்வொரு ஷூவுக்கும் குதிகால் பக்கம் மிளகளவு ஒரு பொட்டு வைத்தாள். அபி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனாள். ஷூ என்று ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டாள். மூன்று பேரும் சிரித்தோம். அந்தப் பயணத்தில் நாங்கள் சிரித்தது அப்போதுதான்.

மறுநாள் காலை தரையில் போர்வையை விரித்து, அதன் மேல் ஷூவோடு நடந்து பார்த்தாள். சுண்டு விரல் மடங்கிக்கொண்டது. வீட்டுக்குள் நாலு எட்டு நடப்பதற்கே மடங்கினால் நானூறு மீட்டருக்கு என்ன ஆவது? மாற்றிக்கொள்ளக் கிளம்பினோம். கவலையே இல்லை. பில் இருக்கிறது, கடைக்காரரும் சொல்லியிருக்கிறார்.

சொன்ன வார்த்தையைக் காப்பாற்றியிருந்தார். பெரிய சைஸ் வந்திருந்தது. அபி போட்டாள், எழுந்து நின்றாள், விரல்களை உள்ளே அசைத்துப் பார்த்தாள். "நல்லா எடம் இருக்கு அத்தை." அவள் முகத்தை நான் மறக்கமாட்டேன்.

பில் போடும் இடத்தில் பழைய ஜோடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "மேடம், இது என்ன?"

"மஞ்சங்க" என்றாள் சுமதி.

மேனேஜர் வந்தார். கோட்டு போட்டிருந்தார். மென்மையாகப் பேசினார், மென்மையாகப் பேசுகிறவர்களிடம்தான் எனக்கு பயம். "யூஸ் பண்ண பொருளை எக்ஸ்சேஞ்ச் பண்ண முடியாது மேடம்."

"யூஸ் பண்ணலீங்க. அடியைப் பாருங்க, தூசிகூட இல்ல" என்றேன்.

"அடி ஓகே மேடம். ஸ்டெயின் இருக்கே."

"ஸ்டெயினு இல்லீங்க, மஞ்சங்க" என்றாள் சுமதி மறுபடியும். அவருக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று அவள் நினைத்துவிட்டாள். அவள் பிறந்து வளர்ந்த ஊரில் மஞ்சளைக் கறை என்று யாரும் சொன்னதில்லை. கும்பகோணத்தில் நாங்கள் வழக்கமாக எடுக்கிற ஜவுளிக் கடையில் மஞ்சள் வைத்த பாவாடையையே அளவு சரியில்லை என்று மாற்றியிருக்கிறோம். அந்த நினைப்புதான் அவளுக்கு.

நான் தற்செயலாக பில் போடும் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். அதன் நெற்றியில் சந்தனம், நடுவில் குங்குமம். எந்த வெள்ளிக்கிழமையோ, எந்தப் பூஜையிலோ வைத்தது, காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. கார்டு தேய்க்கும் மெஷினுக்கும் ஒரு பொட்டு உண்டு. கடை வாசலில் கண்ணும் மீசையும் வரைந்த திருஷ்டிப் பூசணி தொங்கியதை வரும்போதே பார்த்திருந்தேன்.

"இது என்ன சார்?" என்று கம்ப்யூட்டரைக் காட்டினேன்.

"அது பூஜைக்கு வெச்சது மேடம்."

"இதுவும் அதுக்குத்தான் வச்சது."

"புரியுது மேடம். பட் பாலிசி."

புரிகிறதாம். புரியாமல் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். அவர்கள் கம்ப்யூட்டருக்கு வைத்தால் பூஜை, எங்கள் வீட்டுப் பெண்ணின் ஷூவுக்கு வைத்தால் கறை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் பத்தி எழுதுகிறவள் என்று சொல்லிப் பார்த்தேன். "எந்த சேனல் மேடம்?" என்று கேட்டார். பத்திரிகை என்றேன். "ஓ" என்றார்.

அதற்குள் சுமதி ஷூவை எடுத்துக்கொண்டு கைகழுவும் இடத்துக்குப் போய்விட்டாள். அங்கே இருந்த சோப்புத் தண்ணீரைப் போட்டுத் தேய்த்திருக்கிறாள். மஞ்சளில் சோப்பு பட்டால் என்ன ஆகும்? நமக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். பதற்றத்தில் மறந்துவிட்டாள். பளிச்சென்ற சிவப்புப் பொட்டோடு திரும்பி வந்தாள்.

"இப்ப ரெட் ஆயிடுச்சே மேடம்" என்றார் மேனேஜர். அவருக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது போல.

"ரெண்டு மூணு நாளு வெயில்ல வச்சா தானா போயிடுங்க" என்றாள் சுமதி. "சத்தியமா சொல்றேன். மஞ்ச வெயிலுக்கு நிக்காதுங்க. வெளுத்துடும். வெயில்ல வச்சுப் பாருங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். நானும் பார்த்தேன். அத்தனை பெரிய மாடியில் ஒரு ஜன்னல்கூட இல்லை, வெயிலுக்கு எங்கே போவது? "அப்படியெல்லாம் எங்களுக்கு ப்ரொசீஜர் இல்ல மேடம்" என்றார்.

சரி, போகட்டும் என்று பர்ஸைத் திறந்தேன். இன்னொரு ஜோடியாகவே வாங்கிவிடுகிறேன், தொலையட்டும். சுமதி என் கையைப் பிடித்தாள், முகத்தை மட்டும் காட்டவில்லை. அப்போதுதான் அபி அந்தக் காரியத்தைச் செய்தாள். பெரிய ஷூவைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள். சிவப்புப் பொட்டு வைத்த ஷூவை வாங்கி மாட்டிக்கொண்டாள். இழுத்து முடிச்சுப் போட்டாள். அத்தனை பேர் முன்னாலும் அங்கிருந்து இங்கே வரை விறுவிறுவென்று நடந்து காட்டினாள்.

"இதுவே பத்துதும்மா. காலையில சரியாப் போடல. இப்பப் பத்துது."

"பொய் சொல்லாதடி" என்றேன்.

"நெசமாத்தான் அத்தை. வாங்க போவோம்." நான் வாயைத் திறப்பதற்குள் நகரும் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா நம்பினாள். நம்புவதைத் தவிர அந்த நேரத்தில் சுமதிக்கு வேறு என்ன இருந்தது?

வெளியே வெயில் கொளுத்தியது. பஸ் நிறுத்தத்தில் சுமதி அந்த ஷூவைக் கழற்றச் சொல்லி வாங்கி, மடியில் வைத்து, குதிகால் பக்கத்தை வெயிலுக்குத் திருப்பிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஸ் வருகிற வரை கையை இறக்கவில்லை.

திங்கட்கிழமை அபி காலுறை இல்லாமல் ஓடினாள், கொஞ்சம் இடம் கிடைக்கட்டும் என்று. முதல் வளைவில் அவள்தான் முன்னால். எதிர்ப்பக்கத்து நேர்க்கோட்டிலும் அவள்தான். கடைசி வளைவில் கால் பாவாமல் தாவ ஆரம்பித்ததை நான் பார்த்தேன். ஒருத்தி தாண்டினாள். இன்னொருத்தி. அப்புறம் இன்னும் சிலர். எடுத்துக்கொண்டவர்களின் பெயரை வாசித்தார்கள். கடைசிப் பெயருக்கு அடுத்து வரவேண்டிய பெயர் இவளுடையது. ஷூவைக் கழற்றியபோது இரண்டு சுண்டு விரல் நகங்களும் கறுத்திருந்தன.

ஊருக்கு வந்தோம். இங்கே என்ன சொன்னார்கள் தெரியுமா? கடையைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "செருப்புக்குப் போயி மஞ்ச வைப்பாளா ஒருத்தி? மங்கலப் பொருளாச்சே. அதான் தோத்துட்டா." சொந்தக்காரர்கள் சொன்னார்கள், எதிர்வீட்டார் சொன்னார்கள், என் தம்பியே சொன்னான். கடைக்கு அது கறை. ஊருக்கு அது பாவம். இரண்டுக்கும் நடுவில் சுமதி ஒருத்தி, "நான் நல்லது நெனச்சுதான அண்ணி வச்சேன்" என்று என்னிடம் மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இப்போது அவள் எந்தப் புதுத்துணிக்கும் மஞ்சள் வைப்பதில்லை. கடைப் பையைப் பிரித்து அப்படியே கொடுத்துவிடுகிறாள்.

போன வாரம் நான் காத்திருந்து ஏறிய பஸ் அங்கேதான் போனது. வீட்டில் எல்லாரும் சாதாரணமாகத்தான் இருந்தார்கள். பக்கத்து ஊர்க் கல்லூரியில் அபியைச் சேர்த்தாகிவிட்டது. ஜாதகத்தை யாரோ வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அவள் ஓடப் போவதில்லை. யாரும் தடுக்கவில்லை, அவளே போவதில்லை.

மொட்டை மாடியில் வற்றல் காய வைத்திருந்தார்கள். கைப்பிடிச் சுவரின் மேல் அந்த ஷூ. பஸ் நிறுத்தத்தில் ஆரம்பித்ததை சுமதி இங்கே வந்து முடித்திருக்கிறாள். எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். சிவப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை. வைத்த இடம் எது என்று எனக்கே தெரியவில்லை. பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது.

வற்றலைக் கிளறிக்கொண்டிருந்த அபி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் அத்தை, இப்பக் கொண்டு போனா மாத்திக் குடுப்பாங்களா?"

கிண்டலாகத்தான் கேட்டாள். நான் ஷூவை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.

பஸ் ஸ்டாண்டில் என்னிடம் கேட்ட அம்மாவுக்கு: சென்னையில் துணிமணிக்கும் ஷூவுக்கும் கடைக்குப் பஞ்சமில்லை. எதில் வேண்டுமானாலும் எடுங்கள்... ஒரு ஜன்னலாவது இருக்கிற கடையாகப் பார்த்து எடுங்கள்.